விண்டோஸை அழித்த ஞாயிற்றுக்கிழமை

முட்டத்துக்கு இறங்கும் சாலையில், கடலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஒரு முக்கு இருக்கிறது. அங்கே மருந்துக் கடைக்கும் கோழிக் கடைக்கும் நடுவில் நான் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. கல்யாண அழைப்பிதழ், பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு அட்டை, மரண அறிவிப்பு, வளைகுடா வேலைக்கு பயோடேட்டா, அரசாங்கத்துக்கு மனு என்று எல்லாம் அடித்துக் கொடுப்பேன்.

அன்றைக்கு ஒருவர் தன் தகப்பனாரின் முதலாமாண்டு நினைவு அட்டைக்கு வாசகம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி வரியில் ஓர் அறிவிப்பு வந்து திரை முழுவதையும் மூடியது. விண்டோஸின் இந்தப் பதிப்புக்கு ஆதரவு முடிகிறது. புதிய பதிப்பை ஏற்ற இந்தக் கம்ப்யூட்டருக்குத் தகுதி இல்லை. புதிய கம்ப்யூட்டருக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கவும். ஆங்கிலத்தில் மரியாதையாகத்தான் எழுதியிருந்தது. நான் அதை வாசித்து அவருக்கு அர்த்தம் சொன்னேன்.

“அப்பம் உங்க பெட்டிக்கும் நாள் குறிச்சாச்சா?” என்றார் அவர்.

சிரித்துக்கொண்டே மூடினேன். மறுநாளும் வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று ‘மேலும் அறிய’, இன்னொன்று ‘பிறகு நினைவூட்டு’. எனக்கு வேண்டாம் என்று சொல்வதற்கு ஓர் இடம் இல்லை. எனக்குக் கோபம் வந்தது முதலில் அதில்தான்.

பிரிண்டர் சரிபார்க்க நாகர்கோவிலிலிருந்து வருகிற சர்வீஸ்காரர் ஒருவர் உண்டு. முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல வேலைக்காரர். அவர் வந்தபோது அறிவிப்பைக் காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“ஒம்பது வருசம் ஓடிச்சுல்லாக்கா, போதும். இனி ஆக்கர் கடையில போட வேண்டியதுதான். இரும்பு வெலை கிடைக்கும்.”

“இப்பமும் ஓடுகே தம்பி. இதுக்கு என்ன கேடு?”

“கேடு ஒண்ணும் கிடையாது. புதுசு இதுல ஏறாது. பழசுக்கு சப்போர்ட்டு தீந்தாச்சு. அப்படியே நெட்டுல போட்டு வச்சிருந்தா என்னைக்காவது ஒருநாள் வைரஸ் ஏறிரும்.”

“கேடு இல்லாத சாதனத்த எதுக்குக் களையணும்?”

“கம்பெனி சொல்லுகான்லா” என்றார். அதற்கு மேல் ஒரு காரணம் தேவை என்று அவருக்குத் தோன்றவில்லை.

எனக்கு இந்தத் தொனி பழக்கமானது. நான் டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும் பாஸ் செய்தவள். இன்ஸ்டிட்யூட்டில் பதினைந்து வருடம் சொல்லிக் கொடுத்தேன். அதை மூடிய நாளில் அதன் உரிமையாளர், “கம்ப்யூட்டர் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளது, நீ வீட்டுல இருந்து உன் பிள்ளைகளப் பாரு” என்று ஆசீர்வாதம் செய்வதுபோலச் சொன்னார். மறுவாரமே கோயில் கூடத்தில் நடந்த மூன்று மாத வகுப்பில், என் மகள் வயதுப் பெண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். அவர் நினைத்த சின்னப் பிள்ளைகளில் பாதிப் பேர் இரண்டாவது மாதமே நின்றுவிட்டார்கள். வீட்டில் கூட்டிப் பெருக்குவதற்கு நடுவே கடைசிவரை போனவள் நான். ஒரு பொருளுக்கோ ஒரு மனுஷிக்கோ காலம் முடிந்துவிட்டது என்று வேறொருவர் வந்து சொல்லும்போது, எனக்கு அப்படியே ஒத்துக்கொள்ள வராது.

என் கணவர் இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். பழையது நொடித்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுவதுதான் அங்கே அவர் கண்ட வழக்கம். சங்கதியைச் சொன்னவுடன், “புதுசு ஒண்ணு வாங்கிருவோம்” என்றார்.

“எனக்கு வேண்டாம்.”

“ஏட்டி, காசு நான்தானே தாறேன்.”

“காசப் பத்தி நான் பேசல்ல. இது கெடல்ல. கெடாத சாதனத்த நான் களையமாட்டேன்.”

“வீம்புக்கு நிக்கியா?”

“ஆமா. வீம்புக்குத்தான்.”

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

என் தங்கையைக் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஃபோனில் நான் புலம்பியதை எல்லாம் கேட்டுவிட்டு அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

“எங்க ஸ்கூல்ல ஒரு கம்ப்யூட்டர்ல கூட விண்டோஸ் கிடையாதுக்கா. எல்லாம் லினக்ஸுதான். நாலாம் கிளாஸ் பிள்ளைக அதுல இருந்து படம் வரையுதுக. உன் பெட்டிய விடப் பழைய பெட்டியெல்லாம் இஞ்ச ஓடுகு.”

“இத்தன நாளா எங்கிட்ட ஏன் சொல்லல்ல?”

“நீ கேக்கல்லல்லா.”

லினக்ஸ் என்றால் என்ன என்று கேட்டேன். விண்டோஸ் செய்கிற அதே வேலையைச் செய்வது. கம்ப்யூட்டரை எழுப்பி, மற்ற எல்லாவற்றையும் நடத்திக்கொண்டு போவது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள் என்றாள். ஓசியில் ஒருவன் ஒன்றைத் தந்தால் அதில் என்ன சூது இருக்கும் என்று நான் சந்தேகப்பட்டேன். “சூது இருந்தா நாலாம் கிளாஸ் பிள்ளைககிட்டக் குடுப்பாங்களா?” என்று கேட்டாள். அது எனக்கு மனசிலாயிற்று.

“நான் வந்து போட்டுத் தரட்டா?”

“வேண்டாம். நானே போடுகேன். நீ சொல்லித் தா.”

தக்கலையில் ஒரு ஞானஸ்நான வீட்டில் சந்தித்தபோது, பிரியாணிக்குக் காத்திருந்த நேரத்தில் அவள் ஒரு பென் டிரைவை என் பைக்குள் போட்டாள். அதில் லினக்ஸ் இருந்தது. முதலில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் மட்டும் உள்ளே ஏற்று என்றாள்.

ஓட்டிப் பார்த்தேன். பெட்டி எழுந்தது. அதுவும் விண்டோஸில் எழும் நேரத்தில் பாதியில் எழுந்தது. இன்டர்நெட் வந்தது. பிரிண்டரைத் தானே அடையாளம் கண்டுகொண்டு, சி.டி. எதுவும் கேட்காமல் ஒரு தாளை அச்சடித்துத் தந்தது. எனக்குள் ஒரு குதூகலம். ஆனால் என் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்ததும் அது அப்படியே இறங்கிவிட்டது. திரை நிறைய ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடும் காற்புள்ளியும். ஒரு கல்யாண அழைப்பிதழ் அது. மணமகன் எங்கே மணமகள் எங்கே என்று தெரியவில்லை.

பயந்து தங்கையைக் கூப்பிட்டதில் விஷயம் விளங்கியது. நாங்கள் டி.டி.பி. படித்த காலத்துத் தமிழ் எழுத்துகள் உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான். தமிழ் வடிவத்தைப் போர்த்திக்கொண்டு நிற்பவை. அந்த ஃபாண்ட் இல்லாவிட்டால் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிந்துவிடும். ஃபாண்டுகளை எடுத்துப் புதிய இடத்தில் வைத்தேன். மணமகளும் மணமகனும் திரும்பி வந்தார்கள். ஆனால் நான் பக்கம் அமைக்கும் பழைய மென்பொருள் லினக்ஸில் ஓடவே இல்லை. ஒன்பது வருடத்து அழைப்பிதழ் வடிவங்கள் அதில்தான் இருந்தன. அவற்றில் தேவையானதைத் தாளில் அச்சடித்து ஒரு ஃபைலில் கோத்தேன். மறுபடியும் வேண்டும் என்றால் பார்த்து அடித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஒருமுறை அடித்த கைகள்தானே.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்து, புட்டும் பயறும் தின்றுவிட்டு, கடையின் ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போனேன். கணவரும் கூடவே வந்து பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லா ஃபைல்களும் வேறொரு டிஸ்கில் பத்திரமாக இருந்தன. இரண்டு முறை சரிபார்த்திருந்தேன். அப்படியிருந்தும், இந்த டிஸ்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா என்று திரை கேட்டபோது என் கை மௌஸில் நின்றுவிட்டது. அந்தப் பெட்டியில் நான் ஒன்பது வருடம் இருந்திருக்கிறேன். என் மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகையை அடித்தது அதில். என் அம்மாவின் மரண அறிவிப்பை அடித்ததும் அதில். அன்றைக்கு வேறு யாரையும் அடிக்க விடவில்லை.

“இப்பமும் ஒண்ணும் கெட்டுப்போகல்ல. விட்டுரு” என்றார் அவர்.

தொடரலாம் என்பதை அழுத்தினேன்.

“போச்சு” என்றார்.

முக்கால் மணி நேரம் ஓடியது. பிறகு மறுபடி தொடங்கச் சொன்னது. பென் டிரைவைக் கழற்றிவிட்டுத் தொடங்கினேன். கறுப்புத் திரை வந்தது. இடது மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மின்னி மின்னி அணைந்தது. வேறொன்றும் இல்லை. மூன்று தடவை அணைத்துப் போட்டேன். மூன்று தடவையும் அதே கோடு.

தங்கைக்கு ஃபோன் அடித்தேன். அவள் ஏதோ கல்யாணத்தில் இருந்தாள், எடுக்கவில்லை. கணவர் எழுந்து தன் ஃபோனை எடுத்தார்.

“யாருக்கு?”

“சர்வீஸ்காரனுக்கு. பெறகு என்ன செய்ய? சவத்தப் போட்டுக் கெடுத்தாச்சு.”

“நில்லுங்க. கூப்பிடப்பிடாது.”

என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. அவர் ஃபோனைக் கையில் வைத்தபடி நின்றார். நான் ஒரு தாளை எடுத்து, நடந்ததை வரிசையாக எழுதினேன். பென் டிரைவிலிருந்து எழுந்தது. உள்ளே ஏறியது. பென் டிரைவைக் கழற்றினேன். எழவில்லை. எழுதிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பென் டிரைவிலிருந்து எழுவதற்கு நான்தான் அன்று காலை, தங்கை முன்பு சொல்லித் தந்தபடி, பெட்டியின் ஆரம்ப அமைப்புக்குள் போய் வரிசையை மாற்றியிருந்தேன். மறுபடி அதற்குள் போனேன். எங்கிருந்து எழ வேண்டும் என்கிற பட்டியலில் ஹார்ட் டிஸ்க் இல்லவே இல்லை. அந்த அவசரத்தில் அதை நானே நீக்கியிருக்கிறேன். சேர்த்து மேலே ஏற்றினேன். சேமித்துவிட்டு வெளியே வந்தேன்.

எழுந்தது. நீல நிறத்தில், எந்த அறிவிப்பும் இல்லாத ஒரு வெறும் திரை.

அவர் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

கீபோர்டில் தமிழைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, பாதி திறந்திருந்த ஷட்டருக்கு வெளியே நாலு பேர் நிழல் விழுந்தது. கடற்கரையில் மீன் எடுத்துச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிற பெண்கள். முன்னால் நின்றவருக்கு அறுபது தாண்டியிருக்கும். நான் அவரை அண்ணி முறையில் மைனி என்று கூப்பிடுவேன். காலையில் அவர்கள் ஊருக்குள் வந்து திரும்புகிற பஸ் மூன்று மாதமாக உள்ளே போகாமல் எங்கள் முக்கிலேயே திரும்பிக்கொண்டிருந்தது. மீன் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் மேட்டில் நடந்து வர வேண்டும். இரண்டு முறை மனு கொடுத்தாயிற்று. இரண்டையும் நான்தான் அடித்தேன். மறுநாள் திங்கட்கிழமை, நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள்.

“மக்கா, இன்னைக்கே வேணும்” என்றார் மைனி.

“இன்னைக்கு அவளால ஒக்காது. பெட்டியப் பிரிச்சுப் போட்டிருக்கா” என்றார் என் கணவர்.

“ஒக்கும். இருங்க மைனி” என்றேன்.

அவர்கள் உட்கார்ந்தார்கள். நாற்காலி போதாமல் இரண்டு பேர் படியில் உட்கார்ந்தார்கள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். “ஐயா, கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் தங்களிடம் தாழ்மையுடன்...”

“அது வேண்டாம்” என்றார் மைனி.

“எது?”

“தாழ்மை. ரெண்டு தடவ தாழ்மையா எழுதியாச்சு. டிக்கெட்டு எடுத்துத்தானே நாங்க போறோம்? பஸ்ஸு என்ன அவன் வீட்டு முத்தத்துலயா ஓடுகு?”

முப்பது வருடத்தில் நூற்றுக்கணக்கான மனு அடித்திருக்கிறேன். தாழ்மை இல்லாமல் ஒன்றுகூட அடித்ததில்லை. அது அச்சில் வார்த்ததுபோல விரலில் இருக்கிற சொல். பின்னோக்கிப் போய் ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

விரல்களுக்குப் பழகிய டைப்ரைட்டர் வரிசையை லினக்ஸிலும் தேர்ந்தெடுத்திருந்தேன். அனேகமாக எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் ‘ஸ’ இல்லை. எங்கேயோ போயிருந்தது. அடிக்க வேண்டியதோ பஸ் பற்றிய மனு.

“பேருந்துன்னு போடட்டா மைனி? அதுதான் நல்ல தமிழ்.”

“பஸ்ஸுன்னே போடு. நாங்க ஏறுகது பஸ்ஸுலதான்.”

ஒவ்வொரு கீயாக அழுத்தித் தேடினேன். ஷ வந்தது, ஹ வந்தது, ஸ்ரீ கூட வந்தது. என் கணவர் வந்து என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்தார். “அந்த மேல் வரிசையில ஷிப்டோட சேத்து அமுக்கிப் பாரு” என்றார். அமுக்கினேன். ஸ வந்தது. படியில் இருந்த பெண் ஒருத்தி, “வந்தாச்சா?” என்று எட்டிப் பார்த்தாள். காலையிலிருந்து என் கணவர் செய்த முதல் உதவி அந்த ஸதான். அதன்பிறகு அவரே வெளியே போய் எல்லோருக்கும் பால் விடாத கட்டன் சாயா வாங்கி வந்தார்.

மைனி சொல்லச் சொல்ல அடித்தேன். உள்ளே ஆள் இல்லை என்று பஸ்ஸை நிறுத்தியதாகப் பதில் வந்திருக்கிறது. ஆள் இருக்கிறோம், இதோ பேர். மேட்டில் நடந்து வருவதற்குள் மீனில் ஐஸ் உருகிவிடுகிறது. பிள்ளைத்தாய்ச்சிகளும் இந்த மேட்டில்தான் ஏறுகிறார்கள். ஒரு வாரம் வந்து எண்ணிப் பார்க்கவும். பஸ் முன்போலக் கடற்கரை வரை வர வேண்டும். அவ்வளவுதான். வழக்கமாகக் கால் மணி நேர வேலை. அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நாலு பிரதி எடுத்தேன். பிரிண்டர் ஒரு முறைகூடத் தாளை மடக்கவில்லை. என் கணவர் அதை வாங்கி அவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். முடிந்ததும் மைனி, “கொள்ளாம், நல்லாருக்கு” என்றார்.

மறுநாள் நானும் கடையைப் பூட்டிவிட்டு அவர்களோடு போனேன். யாரும் கூப்பிடவில்லை, போக வேண்டும் என்று இருந்தது. மனு வாங்குகிற மேசையில் இருந்தவர் ஒரு முறை வாசித்துவிட்டு, நிமிர்ந்து, “இத யாரு எழுதினது?” என்று கேட்டார். “சொன்னது நாங்க. அடிச்சது இவ” என்று மைனி என்னைக் காட்டினார். அவர் முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்.

ஐந்து வாரம் கழித்துக் காலை பஸ் உள்ளே போகத் தொடங்கியது. சாயங்கால பஸ் இன்னும் முக்கில்தான் திரும்புகிறது. அதற்கான மனு என் பெட்டியில் இருக்கிறது, பேர்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. தாழ்மை இல்லாத மனுவால்தான் பஸ் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். எதனால் வந்தது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

லினக்ஸில் எல்லாம் சுகம் என்றும் சொல்லமாட்டேன். டிஜிட்டல் கையெழுத்துக்கு ஒரு சின்னக் கருவியைச் செருகுவார்களே, அது என் பெட்டியில் இதுவரை வேலை செய்யவில்லை. அந்த வேலைக்கு வருகிறவர்களைப் பக்கத்து ஊரான திங்கள்நகருக்கு அனுப்பிவிடுகிறேன். பழைய மென்பொருளில்தான் ஃபைல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த அச்சகக்காரர் ஒருவர் வருவதை நிறுத்திவிட்டார். பூ வேலை செய்த அழைப்பிதழ் கரைகளை மறுபடி வரைய இரண்டு மாதம் ஆயிற்று. சில நாள் வெப்ராளமும் சலிப்பும் வந்து, பேசாமல் புதியது வாங்கியிருக்கலாம் என்று நினைத்ததும் உண்டு. அந்த நினைப்பை என் கணவரிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் இப்போது அந்தப் பெட்டிக்கே வீம்பு என்று பேர் வைத்திருக்கிறார். காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, “வீம்ப ஆன் பண்ணட்டா?” என்று கேட்கிறார்.

போன மாதம் சர்வீஸ்காரர் பிரிண்டர் ரோலர் மாற்ற வந்தார். திரையைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இது ஆருக்கா போட்டது?”

“நான்.”

“நீங்களா?” சுற்றுமுற்றும் பார்த்தார், வேறு யாராவது இருப்பார்கள் என்பதுபோல. “சரி, ஒரு பிரச்சினை வந்தா ஆருகிட்டக் கேப்பீங்க? இதுக்குப் பின்னால கம்பெனியே கிடையாதே.”

“கம்பெனி இருந்தப்பம் நான் ஆருகிட்டக் கேட்டேன் தம்பி? ஒங்கிட்டத்தானே கேட்டேன். நீ ஆக்கர் கடையக் காட்டின.”

அவர் ரோலரை மாற்றி, சோதனைத் தாள் எடுத்துப் பார்த்து, கருவிகளைப் பைக்குள் வைத்தார். அவர் வண்டியில் ஏறும்போது நான் வெளியே போய் நின்றேன்.

“ஓடுகிற பெட்டிய ஆராவது களையக் கொண்டு வந்தா, இரும்புக்குப் போடாத. எங்கிட்டக் கொண்டு வா.”

“என்ன செய்யப் போறீங்க?”

“பாத்துட்டுச் சொல்லுகேன்.”

பதினைந்து நாள் கழித்து இரண்டைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். ஒன்றில் ஹார்ட் டிஸ்க் உள்ளே கரகரவென்று அரைத்தது. மூன்று நாள் முயன்றேன், முடியவில்லை. இன்னொன்று என் பெட்டிக்கு இரண்டு வயது மூத்தது. தூசி தட்டி, தங்கையின் பென் டிரைவைச் செருகினேன். அது கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்தது.